1996-இல் காணாமல் போன என் சித்தப்பா: 29 வருடத்துக்கு அப்புறம் என்ன செய்ய முடியும்?

வைகைக்கரை
11 அக்டோபர் 2025, இரவு 9.40

வணக்கம். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், பாசஞ்சர் மட்டும் நின்று போகிற சின்ன ஊர் எங்களுடையது. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் போட வேண்டாம் என்று சித்தி கேட்டுக்கொண்டார்கள். அதனால் போடவில்லை.

என் சித்தப்பா 1996 செப்டம்பர் 5, வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டிலிருந்து கிளம்பினார். 34 வயது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். "மதுரையில கமிஷன் கடைக்குப் போய் வெத்தலப் பாக்கிய வாங்கிட்டு வர்றேன், ராத்திரி நேரமாகும்" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். சித்திக்கு ஏழு மாதம். அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை தங்கவில்லை.

கமிஷன் கடைக்கு அவர் வரவே இல்லை என்று மறுநாள் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி கிடைத்தது. பூட்டியிருந்தது. சாவி இல்லை. ஹேண்டில்பாரில் கட்டியிருந்த சீட்டில் தேதி 6.9.96 என்று இருந்தது.

அந்தத் தேதிதான் எங்கள் வீட்டையே புரட்டிப் போட்டது. வியாழக்கிழமை போனவர் வெள்ளிக்கிழமைதான் வண்டியை ஸ்டாண்டில் விட்டிருக்கிறார் என்றால், வியாழன் ராத்திரி எங்கே இருந்தார்?

அவரைக் கடைசியாகப் பார்த்தது அவருடைய கூட்டாளி. இரண்டு பேரும் சேர்ந்து கொடிக்காலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கணக்கில் கொஞ்சம் மனஸ்தாபம் இருந்தது. வியாழன் ஏழு மணி வாக்கில் வாய்க்கால் கரையில் இருவரும் பேசிக்கொண்டு நின்றதை ஊரில் பார்த்தவர்கள் உண்டு. "பேசிட்டு ஸ்டேஷனுக்குப் போனான், பழனிக்குப் போறேன்னு சொன்னான்" என்று கூட்டாளி சொன்னார். அப்பத்தா அதைக் கேட்டதுமே, "புள்ளத்தாச்சி புருசன் மலை ஏறுவானா? இவன் கதை கட்டுறான்" என்று சொல்லிவிட்டார்கள். அதோடு முடிந்தது. போலீஸ் அவரை மூன்று நாள் கூப்பிட்டு விசாரித்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. அழகர் கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு வாசலுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். வந்து சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். அதையும் எங்கள் வீட்டில் நம்பவில்லை.

அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போனதில்லை, எங்கள் வீட்டு இழவுக்கு அவர்கள் வந்ததில்லை. அப்பத்தாவும் போய்விட்டார்கள், என் அப்பாவும் போய்விட்டார். அப்பா வைத்திருந்த மஞ்சப்பை இப்போது என்னிடம் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். நகல், மகஜர் (சைக்கிள் கிடைத்த இடத்தில் போலீஸ் பார்த்ததை எழுதிய பதிவு) நகல், பேப்பரில் கொடுத்த 'காணவில்லை' விளம்பரத் துண்டு, ஒரு போட்டோ, கேஸை முடித்துக் கொடுத்த ஆர்.சி.எஸ். நோட்டீஸ். இவ்வளவுதான்.

சித்தப்பா மகளுக்கு 28 வயது. அப்பா முகத்தைப் பார்த்ததில்லை. அவள் கேட்டதால்தான் எழுதுகிறேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?

மேலமாசி
11 அக்டோபர் 2025, இரவு 10.25

படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது, தங்கச்சி. தூர்தர்ஷனில் சாயங்காலம் 'காணாமல் போனவர்கள்' என்று போட்டோ காட்டி வயது, உயரம், கட்டியிருந்த உடை எல்லாம் படிப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்று பார்ப்பார்கள். அவர்களுடைய தம்பி ஒருவர் அப்படிப் போனவர். ஏர்வாடி, நாகூர், திருவண்ணாமலை என்று தேடாத இடமில்லை.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் இறந்தார்கள் இல்லையா, அன்றைக்கு ராத்திரியே மாமாவைத் தேடிக் கிளம்பிவிட்டோம். எங்களைப் போல எத்தனை குடும்பம் அங்கே வந்து நின்றது! இறந்தவர் பட்டியலில் தன் ஆள் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, இருந்தாலாவது தெரிந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டு நின்றவர்கள். உங்கள் வீட்டில் அந்தப் பக்கம் தேடினீர்களா?

வைகைக்கரை
11 அக்டோபர் 2025, இரவு 10.50

அப்பாவும் போனார் அண்ணே. உயிர் தப்பியவர்களைக் கீழ்ப்பாக்கம் கொண்டுபோனதாகக் கேள்விப்பட்டு அங்கேயும் போய்ப் பார்த்தார். இல்லை. அதற்கு முன்னால் வெற்றிலையில் மை போட்டும் பார்த்தோம். பார்த்தவர், 'தண்ணிக் கரையில இருக்கான்' என்றார். அதை வைத்து வாய்க்கால் முழுக்கப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். கூட்டாளி வீட்டுக் கிணற்றையும் இறைத்தார்கள். ஊரே நின்று பார்த்தது. நானும் பார்த்தேன்.

தெற்குவாசல்
12 அக்டோபர் 2025, காலை 7.15

யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். இப்படிப் போகிறவர்களில் பாதிப் பேர் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போனவர்கள்தான். திருப்பூர், பெங்களூர் பக்கம் பிள்ளை குட்டியோடு இருப்பார். இன்னொன்று, கணக்குத் தகராறு உள்ளவன்தான் கடைசியாகப் பார்த்தவன். இதில் இன்னும் என்ன துப்பு வேண்டும்?

நிர்வாகி
12 அக்டோபர் 2025, காலை 8.05

தெற்குவாசல், அந்தப் பெண் கேட்டதால்தான் இந்த இழையே என்று மேலே எழுதியிருக்கிறது. ஆதாரம் இல்லாமல் இறங்காதீர்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு கதை சொல்லியிருக்கிறீர்கள், இரண்டும் உங்கள் ஊகம். அடுத்த முறை நீக்கிவிடுவேன்.

ஏட்டையா
12 அக்டோபர் 2025, காலை 11.30

நான் 2011-இல் ஓய்வு பெற்ற தலைமைக் காவலர். உங்கள் ஊர் ஸ்டேஷனில் நான் வேலை பார்த்ததில்லை, ஆனால் மேன் மிஸ்ஸிங் கேஸ் எப்படி நகரும், எங்கே நிற்கும் என்று தெரியும். ஒளிக்காமல் சொல்கிறேன்.

ஆளைக் காணோம் என்று புகார் வந்தால் அந்த ஸ்டேஷனில் 'மேன் மிஸ்ஸிங்' என்று ஒரு நம்பர் விழும். அதே ஆள் நாலு ஊர் தள்ளி இறந்து கிடந்து, யார் என்று தெரியாவிட்டால், அந்த ஊர் ஸ்டேஷனில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174-இல் தனியாக ஒரு நம்பர் விழும். இப்போது அது புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194. தண்டவாளத்திலோ ரயிலுக்குள்ளோ என்றால் லோக்கல் ஸ்டேஷனுக்கே வராது, ரயில்வே போலீஸ் எடுத்துக்கொள்ளும். இந்த மூன்று ரிஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க 1996-இல் வழியே கிடையாது. வயர்லெஸ்ஸில் படிப்போம், போட்டோ நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் ஒட்டுவோம். பக்கத்து மாவட்டம் தாண்டினால் பெரும்பாலும் அதுவும் போய்ச் சேராது. எத்தனையோ கேஸ் தீராமல் கிடந்ததற்குக் காரணம் பெரிய மர்மம் எல்லாம் இல்லை. ஒரு நோட்டில் 'காணவில்லை', இன்னொரு நோட்டில் 'யாரென்று தெரியவில்லை'. அந்த இரண்டு நோட்டும் சந்திக்கவே இல்லை.

இப்போது தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத சடலங்களையும் தேட வசதி இருக்கிறது. தேடிப் பாருங்கள், ஆனால் இவ்வளவு பழைய கேஸுக்கு அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் சித்தப்பா வேட்டியில் சலவைக்குறி உண்டா? சட்டைக் காலரில் டெய்லர் லேபிள்? சேராங்கொட்டைச் சாற்றில் போட்ட குறி எத்தனை துவைத்தாலும் போகாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருப்பார்கள். முகம் அடையாளம் தெரியாத நிலையில் கிடைத்த ஆட்களை அந்தக் குறியை வைத்து ஊர் ஊராகக் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறோம்.

ஒத்தக்கடை வக்கீல்
12 அக்டோபர் 2025, பிற்பகல் 3.10

ஏட்டையா சொன்னதோடு சட்டப் பக்கம் கொஞ்சம்.

ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வந்துவிட்டது என்பதால் கேஸ் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று முடித்த கேஸில் புதிய துப்பு கிடைத்தால் மேல்விசாரணை கேட்கலாம். பழைய 173(8), இப்போது 193(9). ஆனால் கையில் புதிதாக ஒன்று இருக்க வேண்டும். ஆட்கொணர்வு மனு என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்த பிறகு அது நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, சரி. ஆனால் யாரோ சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டாமல் 29 வருடம் கழித்து அது நிற்காது.

இன்னொரு விஷயம், சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108, புதியதில் 111. சித்தி முன்சீப் கோர்ட்டில், அவர் இறந்ததாக அறிவிக்கச் சொல்லி விளம்புகை வழக்குப் போட்டு உத்தரவு வாங்கினால்தான் வாரிசுச் சான்று, பட்டா எல்லாம் நகரும். என்றைக்கு இறந்தார் என்பதை அந்த அனுமானம் சொல்லாது, அதை உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒரு எல்.ஐ.சி. வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய பங்கு இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனையூர் அக்கா
12 அக்டோபர் 2025, மாலை 5.45

வக்கீல் தம்பி, நீங்கள் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கோர்ட்டில் ஏறி 'என் புருஷன் செத்துட்டார்னு எழுதிக் கொடுங்க' என்று ஒரு பொம்பளை எப்படிச் சொல்வாள்? அந்தச் சித்தி இன்னும் தாலி போட்டிருப்பார், பொட்டு வைத்திருப்பார். விசேஷ வீட்டில் ஆரத்தித் தட்டு எடுக்கக் கூப்பிடலாமா வேண்டாமா என்று மற்ற பெண்கள் பார்த்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒத்தக்கடை வக்கீல்
12 அக்டோபர் 2025, மாலை 6.20

அக்கா, அது எனக்குப் புரிகிறது. என்னிடம் வந்த ஒரு அம்மாவும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பதினெட்டு வருடம் பொறுத்து, பிறகு பங்காளிகள் நிலத்தை விற்றபோதுதான் வந்தார்கள். உத்தரவு ஒரு காகிதம். தாலியைக் கழற்றச் சொல்லி எந்தக் கோர்ட்டும் சொல்லாது.

வைகைக்கரை
12 அக்டோபர் 2025, இரவு 9.00

சித்தி இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒன்றும் பேசவில்லை. ஏட்டையா கேட்ட சலவைக்குறிக்கு மட்டும் எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு வேட்டி எடுத்து வந்தார்கள். ஓரத்தில், கரைக்கு ஒட்டினாற்போல, ஒரு கோடும் அதன் மேல் இரண்டு புள்ளியும். கறுப்பு கொஞ்சம் பழுப்பாகியிருக்கிறது. 29 வருடமாக அந்த வேட்டியைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

சீட்டுக்கட்டு
13 அக்டோபர் 2025, இரவு 11.15

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன்.

அந்த ரயில் பாதையில் ஒரு ஸ்டேஷனில் என் அப்பா சைக்கிள் ஸ்டாண்ட் குத்தகை எடுத்திருந்தார். உங்கள் ஊரா என்று தெரியாது. பள்ளி விடுமுறையில் சீட்டுக் கிழிப்பது நான்தான். நீங்கள் சொன்ன அந்தத் தேதி எனக்கு உறுத்துகிறது. சீட்டு என்ன நிறம்?

ஏன் கேட்கிறேன் என்றால், வண்டி விடும்போது கொடுப்பது வெள்ளைச் சீட்டு. அது அன்றைக்கு மட்டும்தான். கடைசி வண்டி போன பிறகும் ஆள் வராமல் நிற்கிற சைக்கிள்களை உள்ளே தள்ளி வைப்போம். மறுநாள் காலையில் அந்த வண்டிகளுக்கு வெள்ளையைக் கழற்றிவிட்டு ரோஸ் சீட்டுக் கட்டுவோம், அன்றைய தேதி போட்டு. வாடகை கூடுதல் என்பதற்கு அடையாளம். முதல் ராத்திரியும் சேர்த்து, நின்ற ஒவ்வொரு ராத்திரிக்கும் பின் மட்கார்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆள் வந்தால் கோட்டை எண்ணிக் காசு வாங்குவோம். எல்லா ஸ்டாண்டிலும் இப்படியா என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பாதையில் இரண்டு மூன்று ஸ்டாண்டை என் அப்பாவின் ஆட்களே நடத்தினார்கள்.

உங்கள் சீட்டு ரோஸ் என்றால், ஆறாம் தேதி போட்ட சீட்டு ஐந்தாம் தேதி விட்ட வண்டிக்கு உரியது.

வைகைக்கரை
14 அக்டோபர் 2025, அதிகாலை 1.40

கை நடுங்குகிறது. மகஜரை எடுத்துப் பார்த்தேன். எத்தனையோ முறை படித்த காகிதம். அப்படியே எழுதுகிறேன்:

"மேற்படி சைக்கிளின் ஹேண்டில்பாரில் 6.9.96 என்று தேதியிட்ட ரோஸ் நிறச் சீட்டு ஒன்று சணலால் கட்டப்பட்டுள்ளது. பின்பக்க மட்கார்டின் மேல் வெள்ளை நிறத்தில் மூன்று குறுக்குக் கோடுகள் உள்ளன."

எட்டாம் தேதி ஞாயிறு காலையில் எழுதியது. வியாழன், வெள்ளி, சனி. மூன்று ராத்திரி.

ஏட்டையா
14 அக்டோபர் 2025, காலை 6.10

மகளே, ஸ்டாண்ட்காரரிடம் அன்றைக்கே இதைக் கேட்டிருக்க வேண்டும். எழுதியவர் கண்ணில் பட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறார், ஆனால் என்னவென்று கேட்கவில்லை. நான் அந்த ஸ்டேஷனில் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியாது. தேதி என்றால் தேதிதான் என்று நினைத்திருப்பேன்.

அவர் ஐந்தாம் தேதி ராத்திரியே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஊருக்குள் தேடியது முழுக்கத் தப்பான இடம்.

ஆனையூர் அக்கா
14 அக்டோபர் 2025, காலை 9.30

எனக்கு ராத்திரி முழுக்க அந்தப் பழனிதான் மனசில் ஓடியது. மாசமாக இருக்கிறவள் புருஷன் மலை ஏறக் கூடாது, சவரம் பண்ணக் கூடாது என்பார்கள், உண்மைதான். அதனாலேயேதான் வீட்டில் சொல்லாமல் போயிருப்பார் என்று ஏன் யாரும் நினைக்கவில்லை? இரண்டு பிள்ளை தங்காமல் போனவர். மூன்றாவது ஏழு மாதம். மறுநாள் வெள்ளிக்கிழமை. முருகனிடம் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றாதா? வீட்டில் சொன்னால் அப்பத்தா விட்டிருப்பார்களா?

மதுரைக்கு என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் ரயில் ஏறியிருப்பார், பாவம்.

வைகைக்கரை
21 அக்டோபர் 2025, இரவு 8.30

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் நானும் சித்தியும் தங்கச்சியும் அந்தக் கூட்டாளி வீட்டுக்குப் போனோம். சித்திதான் முன்னால் நடந்தார்கள். ஐந்து வீடு தள்ளி. அந்தத் தூரத்தை நடக்க 29 வருடம்.

அவருக்கு இப்போது எழுபதை ஒட்டி வயது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், யார் வந்தது என்று தெரியவில்லை. "நான்தாண்ணே" என்று சித்தி சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். அவர் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்து, எங்களைப் பார்த்ததும் அப்படியே நிலைப்படியில் நின்றார்கள்.

மகஜரை நான் வாசித்தேன். மூன்று கோடு என்றதும் அவர், "அன்னைக்கே சொன்னேனே தங்கச்சி" என்றார். வேறு எதுவும் குறையாகச் சொல்லவில்லை. நாங்கள் கிணற்றை இறைத்ததைப் பற்றிக்கூட.

அவர் சொன்னது இது. வாய்க்கால் கரையில் சண்டை இல்லை. சித்தப்பா பழனிக்குச் செலவுக்கு 200 ரூபாய் கேட்டிருக்கிறார். இவர் கொடுத்திருக்கிறார். "வீட்ல சொல்லிராத, ஆத்தா வையும், நாளைக்கு ராத்திரி வந்துருவேன்" என்றாராம். "கால்ல செருப்பு இல்ல. சாமிக்குப் போறவன்னு போடாம வந்திருந்தான்."

சித்தி அதைக் கேட்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார்கள். செருப்பு ஆட்டுக்கல் பக்கத்தில்தான் கிடந்ததாம். அவசரத்தில் மறந்துபோய்விட்டார் என்றே இத்தனை வருடமும் நினைத்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களும் யாரிடமும் சொல்லவில்லை.

தங்கச்சி அவர் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து, "எங்கப்பா எப்படிப் பேசுவாரு?" என்று கேட்டாள். நாங்கள் வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

சித்தப்பா எங்கே போனார் என்று இன்னும் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று இப்போது தெரிகிறது. திண்டுக்கல், பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் இருப்பவர்கள், ரயில்வேயிலோ ஆஸ்பத்திரியிலோ அப்போது வேலை பார்த்தவர்கள், 1996 செப்டம்பர் 5 ராத்திரியிலிருந்து அந்த மாதம் முழுக்க, அடையாளம் தெரியாத ஒருவரைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். உயரம் ஐந்தடி ஆறங்குலம், மாநிறம், ஒல்லி. இடது முன்கையில் வேல் பச்சை குத்தியிருக்கும். வலது கட்டைவிரல் நகத்தில் வெற்றிலை கிள்ளுவதால் பள்ளம் இருக்கும். வெள்ளை வேட்டி, ஓரத்தில் ஒரு கோடு, மேலே இரண்டு புள்ளி. செருப்பு இல்லை. இடுப்பில் சைக்கிள் சாவி இருந்திருக்கும்.

மேலமாசி
21 அக்டோபர் 2025, இரவு 9.10

தங்கச்சி, உயிரோடு இருக்கும் வழியையும் விடாதீர்கள். அடிபட்டு நினைவு தப்பித் திரிகிறவர்களை ரயில் எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மும்பைப் பக்கம் கர்ஜத்தில் டாக்டர் பரத் வாட்வானி நடத்தும் ஷ்ரத்தா அமைப்பு, தெருவில் திரிந்த மனநோயாளிகளைக் குணப்படுத்திப் பல மாநிலங்களில் வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2018-இல் மகசேசே விருது அவருக்கு. போட்டோ அனுப்பி எழுதிக் கேளுங்கள். நானும் என் மாமா போட்டோவை அனுப்பியிருக்கிறேன்.

ஒத்தக்கடை வக்கீல்
22 அக்டோபர் 2025, காலை 8.00

கூட்டாளி சொன்னதை எழுத்தில் வாங்கி, ஸ்டாண்ட் விவரம் சொன்ன நண்பரிடமும் ஒரு பிரமாண வாக்குமூலம் வாங்குங்கள். இரண்டையும் வைத்து எஸ்.பி.க்கு மேல்விசாரணை மனு கொடுப்போம். மனுவை நான் எழுதித் தருகிறேன், பணம் வேண்டாம். காணாமல் போனவர்களுக்கும் அடையாளம் தெரியாத சடலங்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க டி.என்.ஏ. பதிவு வைக்க ஒரு மசோதா வந்தது, 2023-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதனால் சித்தப்பா மகளின் ரத்த மாதிரியை எடுத்து ஒப்பிட வேண்டும் என்று மனுவிலேயே தனியாகக் கேட்க வேண்டும்.

ஏட்டையா
22 அக்டோபர் 2025, காலை 8.45

திண்டுக்கல் ரயில்வே போலீஸில் என்னோடு டிரெயினிங் எடுத்தவர் ஒருவர் இருந்தார். ரிடையர் ஆகிவிட்டார், பேசிவிட்டேன். ஆர்.டி.ஐ. மனு தனியாகப் போகட்டும். திங்கட்கிழமை காலை பாசஞ்சருக்கு நான் வருகிறேன். வேட்டியை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வா, மகளே. போட்டோ எடுத்தால் போதாது, குறியை நேரில் காட்ட வேண்டும்.